மந்தநிலை விலகும்போது பார்கோடு, ஆர்.எஃப்.ஐ.டி. சந்தையைக் கணிக்கும் முறை: கருவி விற்பவர்களுக்கான வழிகாட்டி

அமெரிக்கப் பொருளாதாரம் 2007 டிசம்பரிலேயே மந்தநிலைக்குள் நுழைந்துவிட்டதாக அந்நாட்டின் தேசியப் பொருளாதார ஆய்வுக் கழகம் 2008 டிசம்பர் 1 அன்றுதான் முறைப்படி அறிவித்தது. அந்த மந்தநிலை 2009 ஜூனில் முடிந்துவிட்டது என்ற அறிவிப்பு 2010 செப்டம்பர் 20 அன்று வெளிவந்தது. நோய் வந்ததைச் சொல்ல ஓராண்டும், குணமானதைச் சொல்லப் பதினைந்து மாதங்களும் ஆயின. இதற்கிடையில், பார்கோடு பிரிண்டர் தயாரிப்பில் முன்னணியில் உள்ள ஜீப்ரா நிறுவனத்தின் ஆண்டு விற்பனை 2008-இல் சுமார் 97.7 கோடி டாலராக இருந்து, 2009-இல் சுமார் 80.4 கோடிக்குச் சரிந்து, 2010-இல் சுமார் 95.7 கோடிக்குத் திரும்பியிருந்தது. அறிவிப்பு வந்த பிறகு சரக்கு ஏற்றலாம் என்று காத்திருந்த டீலர், இழந்த வியாபாரத்தின் பெரும்பகுதி பிறர் கைக்குப் போனதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

ஆகவே, சந்தை திரும்புகிறதா என்பதைச் செய்தித்தாளில் தேடுவதை விட்டுவிட்டு, சொந்தக் கணக்கேட்டில் தேட வேண்டும். பார்கோடு கருவிகளையும், பொருளில் ஒட்டிய டேக் என்ற சில்லை ரேடியோ அலையால் படிக்கும் ஆர்.எஃப்.ஐ.டி. கருவிகளையும் விற்கும் சிறு, நடுத்தர நிறுவனத்தார் அதை எவ்வாறு செய்யலாம் என்பதே இங்கு விளக்கப்படுகிறது. உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டுள்ளன. இத்தொழிலின் ஏற்ற இறக்கங்கள் அங்குதான் அதிகம் பதிவாகியுள்ளன.

விற்பனையை நான்காகப் பிரிக்கவும்

முதல் வேலை, கடந்த மூன்று அல்லது நான்கு ஆண்டுகளின் விற்பனைப் பட்டியல்களை எடுத்து, ஒவ்வொரு வரியையும் நான்கு வகைகளில் ஒன்றில் சேர்ப்பதாகும். லேபிள் ரோல், அச்சு மை தரும் ரிப்பன், டேக் போன்று தீர்ந்துபோகும் பொருட்கள் முதல் வகை. லேபிளில் அச்சைப் பதிக்கும் பிரிண்ட் ஹெட், பேட்டரி, கேபிள் முதலிய உதிரிகளும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தங்களும் இரண்டாவது. பழைய கருவியை எடுத்துவிட்டு அதே வேலைக்குப் புதியதை வைக்கும் மாற்று விற்பனை மூன்றாவது. இதுவரை பார்கோடே இல்லாத இடத்தில் முதன்முறையாக அமைக்கும் புதிய திட்டங்கள் நான்காவது.

இவ்வளவு சிரமம் எதற்கு என்றால், நான்கும் ஒரே நேரத்தில் விழுவதுமில்லை, ஒரே நேரத்தில் எழுவதுமில்லை. மந்தநிலையில் முதலில் நிற்பது புதிய திட்டம். அடுத்து மாற்று விற்பனை. லேபிள் விற்பனையும் குறையும். ஆனால், கிடங்கிலிருந்து ஒரு பெட்டியாவது வெளியே போகிறவரை அதன் மேல் ஒரு லேபிள் ஒட்டியாக வேண்டும் என்பதால் அது நின்றுவிடாது. உதிரிகளின் விற்பனை சில சமயம் கூடவே செய்யும்; புதிய பிரிண்டர் வாங்கப் பணம் ஒதுக்காத மேலாளர் பழைய பிரிண்டருக்கு ஹெட் மாற்றிக் காலத்தை ஓட்டுவார். மீட்சியில் இந்த வரிசை தலைகீழாகும்: லேபிள் முதலில் எழும், புதிய திட்டம் கடைசியில் வரும்.

இதனால்தான், மொத்த விற்பனைத் தொகையைவிட லேபிள் ரோல்களின் எண்ணிக்கையை நம்பலாம் என்று கருதுகிறேன். தொகையில் விலை மாற்றமும் தள்ளுபடியும் கலந்திருக்கும். ஒரே ஒரு பெரிய திட்டம் அதைத் திரித்துவிடும். ரோல் எண்ணிக்கையோ, வாடிக்கையாளரின் கிடங்கிலிருந்து எத்தனை பெட்டிகள் வெளியேறுகின்றன என்பதை ஏறத்தாழ அப்படியே காட்டும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் மாத வாரியாக இந்த எண்ணிக்கையை எழுதி, முந்தைய மாதத்தோடு அல்லாமல், முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாதங்களில் அமெரிக்கச் சில்லறைக் கிடங்குகள் வாங்கும் ரோல்களைப் பார்த்து மீட்சி வந்துவிட்டதாக எண்ணினால், ஜனவரியில் ஏமாற வேண்டியிருக்கும். மாதக் கடைசியில் தள்ளுபடிக்காக மொத்தமாக வாங்கி அடுக்கும் வாடிக்கையாளருக்கு மட்டும் மூன்று மாதச் சராசரியை எடுப்பது பாதுகாப்பானது.

ரோல் எண்ணிக்கையிலிருந்து இன்னொரு கணக்கையும் போடலாம். தொழிற்சாலைகளில் பயன்படும் சில பிரிண்டர் வகைகளில், பிரிண்ட் ஹெட்டுக்கு ஆறு மாதம் அல்லது 10 லட்சம் அங்குலம் அச்சிடும் வரை, இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் தரப்படுகிறது. 4 அங்குல அகலமும் 6 அங்குல நீளமும் கொண்ட சரக்கு லேபிளை நாள்தோறும் 1,000 வீதம் அச்சிடும் கிடங்கில், சுமார் 1,66,000 லேபிள்களுக்குள் அந்த எல்லை வந்துவிடும். மாதத்துக்கு 26 வேலை நாட்கள் என்றால் ஆறரை மாதங்களுக்குள். ஒழுங்காகத் துடைத்து, அச்சின் அடர்த்தியைத் தேவைக்கு மேல் ஏற்றாமல் வைத்திருந்தால் ஹெட் அதற்குப் பிறகும் உழைக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு வாடிக்கையாளருக்கு நீங்கள் விற்ற ரோல்கள் எத்தனை, ஹெட்கள் எத்தனை என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், யாருடைய பிரிண்டர் கடைசி மூச்சில் ஓடுகிறது என்பது அவருக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். ரோல் வாங்குவது பழைய அளவுக்குத் திரும்பி, இரண்டாண்டாகக் கருவி எதையும் வாங்காமல், உதிரிக்கு மட்டும் செலவழித்துக்கொண்டிருக்கும் வாடிக்கையாளரே உங்கள் கணிப்பில் முதல் இடத்தில் இருக்க வேண்டியவர்.

விநியோகக் கிடங்கு காட்டும் பொய்க்கணக்கு

தயாரிப்பாளர்கள் வெளியிடும் காலாண்டு விற்பனையைப் பார்த்துச் சந்தையை அளப்பவர்கள் அடிக்கடி தவறிழைப்பது இங்கேதான். தயாரிப்பாளர் விற்பது பெரும்பாலும் மொத்த விநியோகஸ்தருக்கு, அவர் டீலருக்கு, டீலர் பயனாளருக்கு. ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் சரக்கு தங்குகிறது. அந்தக் கையிருப்பு கூடுவதும் குறைவதும், பயனாளரின் தேவையைப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். மாதம் 100 ஸ்கேனர் விற்கும் டீலர் இரண்டு மாதச் சரக்கை, அதாவது 200 ஸ்கேனர்களை, கையிருப்பில் வைத்திருக்கிறார். மந்தநிலையில் விற்பனை 80 ஆகக் குறைகிறது. பணம் முடங்கக் கூடாது என்று கையிருப்பையும் ஒரு மாத அளவுக்கு, 80 ஆக, இறக்க முடிவு செய்கிறார். இருக்கும் சரக்கில் 120-ஐத் தீர்க்க வேண்டியிருப்பதால், ஒன்றரை மாதத்துக்கு அவர் ஒன்றுகூட ஆர்டர் செய்யமாட்டார். பிறகு மாதம் 80 ஆர்டர் வரும். விற்பனை மீண்டும் 100 ஆனதும் நம்பிக்கை வந்து, பழையபடி இரண்டு மாதச் சரக்கு வேண்டும் என்று நினைத்தால், அந்த மாதத்தில் மட்டும் 220 ஸ்கேனர்கள் ஆர்டர் செய்வார். பயனாளரின் தேவை 100-க்கும் 80-க்கும் இடையில்தான் அசைந்தது. தயாரிப்பாளர் பார்த்ததோ பூஜ்யம், 80, 220. அந்த 220-ஐப் பார்த்து ஆலையை விரிவாக்குபவரும், அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து ஆட்களை நீக்குபவரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள்.

இது ஏட்டுக்கணக்கு அன்று. ஜீப்ராவின் விற்பனை 2022-இல் சுமார் 578 கோடி டாலர். 2023-இல் சுமார் 458 கோடி. 2024-இல் சுமார் 498 கோடி. 2023-இல் அமெரிக்கா மந்தநிலையில் இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில் அவசரமாக வாங்கி நிறைத்த கருவிகளை வாடிக்கையாளர்கள் செரித்துக்கொண்டதும், விநியோகஸ்தர்கள் கையிருப்பைக் குறைத்ததுமே அந்தச் சரிவின் முக்கியக் காரணங்கள். இதற்கு நேர்மாறாக, 2020-இல் உண்மையாகவே மந்தநிலை வந்தபோது, அந்நிறுவனத்தின் விற்பனை முந்தைய ஆண்டின் சுமார் 449 கோடியிலிருந்து சுமார் 445 கோடிக்கு மட்டுமே இறங்கி, 2021-இல் சுமார் 563 கோடிக்குத் தாவியது. வீட்டில் அடைந்திருந்தவர்கள் இணையத்தில் வாங்கினார்கள். கிடங்குகள் இரவும் பகலும் இயங்கின. ஆக, மந்தநிலை என்ற ஒரே பெயரை வைத்துக்கொண்டு 2009-ஐயும் 2020-ஐயும் ஒரே அச்சில் வார்க்க முடியாது.

நடைமுறையில் செய்ய வேண்டியது இதுதான்: உங்கள் விநியோகஸ்தரிடம் எத்தனை வாரச் சரக்கு இருக்கிறது என்று மாதந்தோறும் கேளுங்கள். நேரடியாகச் சொல்லாவிட்டாலும், பொருள் கைக்கு வர ஆகும் நாட்களைக் குறித்துவந்தால் போதும். மூன்று நாளில் வந்துகொண்டிருந்த பிரிண்டருக்கு மூன்று வாரம் என்று சொல்லத் தொடங்கினால், கையிருப்பு வற்றிவிட்டது என்று பொருள். தேவையும் லேசாக உயர்ந்துவரும் வேளையில் அப்படி நேர்ந்தால், அடுத்த காலாண்டில் தட்டுப்பாடு வரும். அப்போது எல்லாரும் ஒரே சமயத்தில் ஆர்டர் செய்வார்கள். ஒரு வாரம் முந்தியவருக்குச் சரக்கு, பிந்தியவருக்கு மன்னிப்புக் கடிதம்.

வாடிக்கையாளர் எதற்காக வாங்குவார் என்று கேளுங்கள்

பொருளாதாரம் தேறிவிட்டது என்பதற்காக எவரும் ஸ்கேனர் வாங்குவதில்லை. ஒவ்வொரு வாங்கலுக்கும் அருகில் ஒரு குறிப்பான காரணம் இருக்கும். கணிப்பில் எழுத வேண்டியது அந்தக் காரணத்தையும் அதன் தேதியையுமே.

சட்டம் தரும் தேதிதான் இவற்றில் உறுதியானது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மருத்துவமனைகளில் பயன்படும் மருந்துகளுக்குப் பார்கோடு கட்டாயம் என்ற விதியை 2004 பிப்ரவரியில் வெளியிட்டு, 2006 ஏப்ரல் வரை அவகாசம் தந்தது. அதன்பின் மந்தநிலையின் நடுவில், 2009 பிப்ரவரியில் நிறைவேறிய ஊக்கச் சட்டத்தின் ஒரு பகுதியாக, மருத்துவப் பதிவுகளைக் கணினிமயமாக்க மருத்துவமனைகளுக்கு ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. அதன் இரண்டாம் கட்டம் 2014-இல் நடைமுறைக்கு வந்தபோது, நோயாளிக்கு மருந்து தருவதைப் பார்கோடு போன்ற உதவியுடன் கண்காணிப்பதும் தகுதி நிபந்தனைகளில் ஒன்றாயிற்று. சில்லறை வணிகம் படுத்துக் கிடந்த ஆண்டுகளில், மருத்துவமனைப் படுக்கையருகே பயன்படும் ஸ்கேனரையும் நோயாளியின் மணிக்கட்டுப் பட்டை அச்சிடும் பிரிண்டரையும் விற்கத் தெரிந்தவர்களுக்கு வேலை இருந்தது. மருந்துப் பொட்டலங்களை ஒவ்வொன்றாகத் தடமறியும் அமெரிக்கச் சட்டமும், மருத்துவக் கருவிகளுக்குத் தனி அடையாள எண் தரும் விதியும் 2013-இல் வந்தன. இத்தகைய விதிகளின் கெடு நாட்களை ஒரு நாட்காட்டியில் குறித்து, ஒவ்வொன்றுக்கும் ஓராண்டு முன்னதாக உங்கள் விற்பனை முயற்சியைத் தொடங்குங்கள்.

வரிச்சலுகையும் அப்படியே. 2008-இன் ஊக்கச் சட்டம், புதிதாக வாங்கும் கருவியின் விலையில் பாதியை முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழிக்க இடம் தந்தது. 2010 செப்டம்பர் 8-க்குப் பிறகு 2011 இறுதிக்குள் வாங்கியவற்றுக்கு முழு விலையையும் கழிக்கலாம் என்று 2010 டிசம்பரில் அது விரிவாக்கப்பட்டது. இச்செய்தியைத் தாமே அறிந்திருந்த கிடங்கு மேலாளர்கள் குறைவு. எடுத்துச் சொன்ன டீலருக்கு ஆண்டிறுதியில் பலன் கிடைத்திருக்கும். கணக்காய்வாளர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசி, உங்கள் நாட்டில் நடப்பில் உள்ள தேய்மான விதியை ஒரு பக்கக் குறிப்பாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது காரணம் கருவியின் வயது. கையில் பிடித்து ஸ்கேன் செய்யும் கிடங்குக் கணினிகள் பல ஆண்டுகள் விண்டோஸின் பழைய கைக்கணினிப் பதிப்புகளில் ஓடின. விண்டோஸ் சி.இ. 6.0-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2018 ஏப்ரலிலும், விண்டோஸ் எம்பெடட் ஹேண்ட்ஹெல்ட் 6.5-க்கான ஆதரவை 2020 ஜனவரியிலும் நிறுத்தியது. அதையொட்டி ஆண்ட்ராய்டு கருவிகளுக்குப் பெரும் மாற்றம் நடந்தது. இப்போது அதே கேள்வியை ஆண்ட்ராய்டு கருவிகளிடமும் கேட்க வேண்டும். நீங்கள் விற்ற ஒவ்வொரு மாடலுக்கும் பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த ஆண்டு முடிகிறது என்ற பட்டியல் உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே தயாரியுங்கள்; நாளைய மாற்று விற்பனைக்கு வேறு சோதிடம் தேவையில்லை.

ஆள் பற்றாக்குறை நான்காவது. மந்தநிலையில் வேலையிழந்த கிடங்குத் தொழிலாளர் எல்லாரும் மீட்சியில் திரும்ப எடுக்கப்படுவதில்லை. குறைந்த ஆட்களைக் கொண்டு கூடுதல் பெட்டிகளை அனுப்பப் பார்க்கும் நிறுவனம்தான் கருவிக்குச் செலவிடும். வாடிக்கையாளரிடம் பேசும்போது ஸ்கேனரின் வேகத்தைச் சொல்வதைவிட, ஓர் ஆர்டரை எடுத்துப் பொதிய எத்தனை நிமிடம் ஆகிறது என்று நேரில் நின்று அளந்து சொல்வது பயன் தரும்.

ஆர்.எஃப்.ஐ.டி.க்குத் தனி ஏடு

பார்கோடு விற்பனையோடு ஆர்.எஃப்.ஐ.டி.யையும் ஒரே கணிப்பில் சேர்த்து எழுதுவது பெரும் குழப்பத்தில் முடியும். பார்கோடு ஏற்கெனவே எங்கும் பரவிவிட்டது; அது பொருளாதாரத்தோடு ஏறி இறங்கும். ஆர்.எஃப்.ஐ.டி. பெரிய வாங்குபவர்களின் கட்டளையைப் பின்பற்றி நகர்வது.

வால்மார்ட் 2003-இல் தன் முதல் 100 சப்ளையர்கள் 2005 ஜனவரிக்குள் அட்டைப்பெட்டிகளிலும், அவற்றை அடுக்கும் பலகைத் தட்டுகளான பேலட்களிலும் டேக் ஒட்ட வேண்டும் என்றது. டேக்கின் செலவு சப்ளையருடையது; கடையில் சரக்கு தீராமல் பார்த்துக்கொள்ளும் லாபம் பெரும்பாலும் வால்மார்ட்டுடையது. அதனால் பலர் கடமைக்கு டேக் ஒட்டி அனுப்பினார்களே தவிர, தங்கள் ஆலைக்குள் அதைப் பயன்படுத்தவில்லை. அதே குழுமத்தின் சாம்ஸ் கிளப் 2008-இல் டேக் இல்லாத ஒவ்வொரு பேலட்டுக்கும் 2 டாலர் கட்டணம் என்று அறிவித்துவிட்டு, மந்தநிலையின் ஆழத்தில் 2009-இல் அதை 12 சென்ட் ஆக்கியது. கட்டணம் இறங்கியபோதே, கட்டளையின் முனையும் மழுங்கிவிட்டது என்று புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2010-இல் வால்மார்ட் ஜீன்ஸ், உள்ளாடை போன்ற ஆடைகளில் ஒவ்வோர் உருப்படிக்கும் டேக் வைக்கத் தொடங்கியது; மேசீஸ் என்ற பெருங்கடைச் சங்கிலி 2011-இல் தன் திட்டத்தை அறிவித்தது. ஆடைக்கு இது பொருந்தியதற்குக் காரணங்கள் உண்டு. ஒரே சட்டையில் பல அளவுகளும் நிறங்களும் இருப்பதால் கையால் எண்ணுவது கடினம். துணியில், ரேடியோ அலையைக் கெடுக்கும் உலோகமோ திரவமோ இல்லை. விலைச்சீட்டு எப்படியும் தொங்கிக்கொண்டிருக்கிறது, அதற்குள் டேக்கை வைத்துவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணிக்கை சரியாக இருந்தால் அதே கடைக்காரர்தான் லாபம் அடைகிறார். 2022 செப்டம்பர் முதல் வால்மார்ட் இதை வீட்டுப் பொருட்கள், விளையாட்டுச் சாமான்கள், பொம்மைகள், மின்னணுப் பொருட்கள் ஆகியவற்றுக்கும் விரித்தது. எனவே, எந்த ஆர்.எஃப்.ஐ.டி. திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டாலும், டேக்குக்குப் பணம் கொடுப்பவர் யார், பயன் அடைபவர் யார் என்று முதலில் கேளுங்கள். இருவரும் ஒருவராக இருந்தால் உங்கள் ஏட்டில் எழுதுங்கள். வேறு வேறாக இருந்தால் பென்சிலால் எழுதுங்கள்.

இந்த டேக்குகள் ஆடை தைக்கப்படும் இடத்திலேயே பொருத்தப்படுவதால், மேலைநாட்டுக் கடைகளின் முடிவு திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வந்து சேர்கிறது. இங்கே விற்க நினைப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டேக்கை யாரிடம் வாங்க வேண்டும் என்பதை வெளிநாட்டு வாங்குபவரே பெரும்பாலும் நியமித்துவிடுவதால், உள்ளூர் டீலருக்கு அந்த வியாபாரம் எளிதில் கிடைக்காது. ஆனால் பெட்டியை ஒட்டி மூடுவதற்கு முன், உள்ளே சரியான அளவும் நிறமும் சரியான எண்ணிக்கையில் உள்ளனவா என்று டேக்குகளைப் படித்துச் சரிபார்க்கும் ரீடர், அதற்கான மென்பொருள், பழுது பார்க்கும் சேவை ஆகியவற்றுக்கு இடமுண்டு. எண்ணிக்கை பிசகினால் வாங்குபவர் பிடித்தம் செய்வார் என்பதே கம்பெனிக்கு அதை வாங்கக் காரணம்.

இன்னொரு எச்சரிக்கை, அலைவரிசை பற்றியது. அமெரிக்காவில் இவ்வகை ரீடர்கள் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குகின்றன. இந்தியாவில் 2005-இல் உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதிக்கப்பட்டது 865 முதல் 867 வரை, 2021-இல் அது 868 வரை நீட்டப்பட்டது. மந்தநிலையில் மூடிய அமெரிக்கக் கடைகளின் ரீடர்கள் மலிவாகக் கிடைக்கின்றன என்று வாங்கி இறக்குமதி செய்பவர், இங்கே சட்டப்படி இயக்க முடியாத பெட்டிகளுக்குச் சுங்கம் கட்டியவராவார்.

பழைய பொருளும் புதிய முதலாளிகளும்

பார்கோடு ஸ்கேனருக்கு அந்த அலைவரிசைத் தொல்லை இல்லை என்பதால், பழைய பொருள் சந்தை அங்கே உங்களுக்கு நேரடிப் போட்டி. சர்க்யூட் சிட்டி போன்ற பெரிய சங்கிலிக் கடை 2009 மார்ச்சில் முற்றிலும் மூடப்பட்டதுபோல் கடைகள் மூடும்போது, அவற்றின் கருவிகள் குவியலாக விலைக்கு வருவது இயல்பு. இதை எதிர்ப்பதைவிட, பழுது பார்த்து உத்தரவாதத்துடன் விற்கும் ஒரு சிறு பிரிவை நீங்களே தொடங்குவது நல்லது. ஓரிரு ஆண்டுகளில் அந்தக் குவியல் தீரும். அப்போது அந்த வாடிக்கையாளர்கள் புதியதற்கு உங்களிடமே வருவார்கள்.

மந்தநிலைக்கு முன்னும் பின்னும் தயாரிப்பாளர்கள் கைமாறுவதும் வழக்கம். சிம்பல் நிறுவனத்தை மோட்டரோலா சுமார் 390 கோடி டாலருக்கு 2007 ஜனவரியில் வாங்கியது. அந்தப் பிரிவே 2014-இல் 345 கோடி டாலருக்கு ஜீப்ராவிடம் வந்தது. ஹனிவெல் 2007-இல் ஹேண்ட் ஹெல்ட் ப்ராடக்ட்ஸையும், 2008-இல் மெட்ராலாஜிக்கையும், 2013-இல் இன்டர்மெக்கையும் வாங்கியது. 2008-இல் சுமார் 89 கோடி டாலராக இருந்த இன்டர்மெக்கின் விற்பனை 2009-இல் சுமார் 66 கோடிக்கு விழுந்ததை நினைத்தால், அந்த முடிவு ஆச்சரியம் தராது. கைமாறிய பிறகு ஒன்றுபோலிருக்கும் மாடல்களில் ஒன்று நிறுத்தப்படும். டீலர் தரவரிசையும் லாப விகிதமும் மாறும். ஒரே பிராண்டிலிருந்து உங்கள் விற்பனையில் பாதிக்கு மேல் வந்தால், இரண்டாவது ஒன்றையும் பழகத் தொடங்குங்கள்.

கணிப்பைத் தாளில் எழுதுதல்

இவ்வளவையும் திரட்டிய பின், அடுத்த நான்கு காலாண்டுகளுக்கு நான்கு வகைகளுக்கும் தனித்தனியாகவும், ஆர்.எஃப்.ஐ.டி.க்கு வேறாகவும் எண்களை எழுதுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அதன் காரணத்தை ஒரு வரியில் எழுத முடியாவிட்டால், அந்த எண்ணை அடித்துவிடுங்கள்.

பிறகு பணத்தைப் பாருங்கள். டீலர்கள் மந்தநிலையில் திவாலாவதைவிட, மீட்சியின் முதலாண்டில் மூச்சுமுட்டுவது குறைவன்று. விநியோகஸ்தருக்கு 30 நாளில் பணம் கட்டி, வாடிக்கையாளரிடமிருந்து 75 நாளில் பெறுகிறவர், இடைப்பட்ட 45 நாள் கொள்முதலைத் தன் கைப்பணத்தால் தாங்குகிறார். மாதக் கொள்முதல் 20 லட்சம் ரூபாய் என்றால் அது 30 லட்சம். கொள்முதல் 30 லட்சமாக உயர்ந்தால் 45 லட்சம். வியாபாரம் பெருகப் பெருகக் கூடுதலாக 15 லட்சம் தேவை. அந்தத் தொகைக்கு வங்கியிடம் பேச வேண்டியது ஆர்டர் வந்த பிறகு அல்ல, கணிப்பு எழுதிய வாரத்திலேயே.

சரக்கு ஏற்றுவதில் ரிப்பன், ஹெட், பேட்டரி ஆகியவற்றுக்கு முதலிடம் தரலாம். விலை உயர்ந்த, மாடல் சீக்கிரம் மாறும் கைக்கணினிகளை ஆர்டர் கையில் வந்த பின் வாங்கலாம். ரிப்பன் இல்லாமல் நேரடி வெப்பத்தில் அச்சாகும் லேபிள் ரோல்களை மட்டும் மலிவாகக் கிடைக்கிறதென்று ஓராண்டுக்கு வாங்கி அடுக்க வேண்டாம். வெயில் காயும் தகரக் கூரைக் கிடங்கில் நீண்ட நாள் இருந்தால் அந்தத் தாள் வெப்பத்தால் மெல்லக் கறுத்து, அதன் மேல் அச்சிடும் பார்கோடை ஸ்கேனர் படிக்கத் திணறலாம்.